எங்கள் குப்பத்துப் பழைய மாதா கோயிலை இடிக்காமல் பழுதுபார்க்க நிதி திரட்ட வேண்டும், என்ன நிகழ்ச்சிகள் வைக்கலாம்?

உப்புக்காற்று (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எண்ணூர் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம் எங்களுடையது. ஊர்க்கூட்டத்தில் இன்னும் முடிவாகாத விஷயம் என்பதால் பெயரை இப்போதைக்குச் சொல்லவில்லை. ஊர் நடுவில் சின்னதாக ஒரு மாதா கோயில் இருக்கிறது. தேக்கு விட்டங்கள் மேல் மெட்ராஸ் டெரஸ் கூரை, கை அகலத்துக்கும் மேலே தடிமனான சுண்ணாம்புச் சுவர், முகப்பில் ஒரே ஒரு மணி. எங்கள் தாத்தாவின் அப்பாவுக்கு அங்கேதான் திருமணம் நடந்தது என்று வீட்டில் சொல்வார்கள். இந்துக் குடும்பங்களும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத்தான் கடலுக்குப் போவார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழைக்கு அப்புறம் பீடத்துக்கு மேலே ஒழுக ஆரம்பித்தது. வடக்குச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருக்கிறது, எப்போதோ மேலே பூசிய சிமெண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. மணிக்கூண்டில் அரசஞ்செடி முளைத்து வேர் விட்டுவிட்டது. அதே மழை வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெயும் கலந்து தொழில் படுத்த ஊர் இது, அதனால் வீடு வீடாகப் போய் பெரிய தொகை கேட்க முடியாது, கேட்கவும் மனசு வரவில்லை.

ஊரில் இப்போது இரண்டு பேச்சு ஓடுகிறது. இடித்துவிட்டு உயரமான கோபுரத்தோடு கான்கிரீட்டில் புதுசாகக் கட்டலாம் என்கிறார்கள் ஒரு பக்கம். இதையே சரிசெய்து காப்பாற்றலாம் என்கிறோம் நாங்கள் சிலர். பங்குத்தந்தை பழுதுபார்க்கத்தான் ஆசைப்படுகிறார், ஆனால் பணத்துக்கு வழி காட்டுங்கள் என்று இளைஞர் மன்றத்திடம் சொல்லிவிட்டார். பையன்கள் பைக் பரிசு வைத்து குலுக்கல் சீட்டு விற்கலாம், ஒரு கானா கச்சேரி வைக்கலாம் என்று யோசனை சொல்கிறார்கள். இந்த மாதிரி ஊர் நிகழ்ச்சி நடத்திக் கோயில் வேலைக்குப் பணம் சேர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எது எடுபடும், எது எடுபடாது, கணக்கை எப்படி வைத்துக்கொண்டால் ஊர் நம்பும்? கட்டட வேலை தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களும் பேசுங்கள்.


ராயபுரத்து அக்கா

தம்பி, முதலில் அந்தக் குலுக்கல் சீட்டை மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரிக்குத் தடை. கோயிலுக்காகத்தான் என்று சொன்னாலும் காசு வாங்கிச் சீட்டு விற்றுப் பரிசு குலுக்கினால் போலீஸ் வந்து கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது பங்குத்தந்தைதான். நல்ல காரியத்தை அப்படி ஆரம்பிக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் உணவுக் கடை வேலையில் இருக்கிறவள் என்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். சாப்பாடுதான் கூட்டத்தையும் காசையும் கொண்டுவரும், ஆனால் பொருளை எல்லாம் காசு கொடுத்து வாங்கிச் சமைத்து விற்றால் கையில் ஒன்றும் நிற்காது. பொருள் நன்கொடையாக வர வேண்டும். படகு வைத்திருக்கிறவரிடம் ஆயிரம் ரூபாய் கேட்டால் யோசிப்பார், ஒரு கூடை நெத்திலி கேட்டால் சந்தோஷமாகக் கொடுப்பார், அதுவும் அவர் பெயரை மைக்கில் சொன்னால் அடுத்த தடவை இரண்டு கூடை வரும். நெத்திலி வறுவல், சுறாப் புட்டு, இறால் தொக்கு, நண்டு ரசம் என்று உங்கள் ஊர்ப் பெண்கள் செய்வதை வைத்தாலே மணலி, திருவொற்றியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். பக்கத்தில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் போடத் தெரிந்த பர்மா குடும்பம் இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள், வடசென்னையில் அத்தோ கடை முன்னால் கூட்டம் நிற்காத நாளே கிடையாது.

ஒன்றைக் கோபமாகவே சொல்கிறேன். இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் இளைஞர் மன்றம் மேடையில் நிற்கும், பெண்கள் விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்பார்கள், கடைசியில் நன்றி சொல்லும்போது அவர்கள் பெயர் வராது. அப்படி நடத்தினால் அடுத்த நிகழ்ச்சிக்கு ஆள் வரமாட்டார்கள். சுய உதவிக் குழுக்களையும் மரியாயின் சேனையில் இருப்பவர்களையும் திட்டம் போடும் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். எந்தக் கடை எங்கே, என்ன விலை, யார் கல்லாவில் உட்காருவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

நாள் குறிப்பதிலும் கவனம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டு விசைப்படகில் தொழிலுக்குப் போகிற குடும்பங்கள் உங்கள் ஊரிலும் இருக்கும், அந்த இரண்டு மாதம் யாரிடமும் எதுவும் கேட்காதீர்கள். தடை முடிந்து படகு கடலுக்குப் போன பிறகு ஜூன் 29 புனித பேதுரு, பவுல் திருநாள் வருகிறது. மீனவர்களின் பாதுகாவலர் திருநாள், கையில் நாலு காசு புழங்கும் நேரம், அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஆகஸ்ட் 29-லிருந்து பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்குக் காவி உடுத்தி நடந்து போகிற சனங்கள் நம் பக்கத்திலிருந்து ஏராளம், அந்த வாரத்தில் உங்கள் ஊரில் ஒன்றும் வைக்காதீர்கள், யாரும் இருக்கமாட்டார்கள். டிசம்பரில் கேரல் பாடப் போகும்போது ஒவ்வொரு வீட்டிலும் கொடுப்பதை வழக்கமாக வேறு செலவுக்கு வைப்பார்கள், இந்த வருடம் கோயில் கூரைக்கு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள்.

கச்சேரி வைப்பதானால் இரவு 10 மணிக்குள் ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும், அனுமதியும் காவல் நிலையத்தில் எழுதி வாங்க வேண்டும். எனக்குக் கேட்டால் கச்சேரியைவிடக் கேரம் போட்டி நல்லது. செலவு குறைவு, வடசென்னையில் கேரம் ஆடத் தெரியாத தெரு கிடையாது, நுழைவுக் கட்டணம் வரும், ஆட வருகிறவர்கள் சாப்பிடவும் செய்வார்கள்.


சுண்ணாம்புக்காரை

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நான் சிவில் படித்துவிட்டுப் பழைய கட்டட வேலைகளில் இருப்பவன்.

பணம் சேர்ப்பதற்கு முன்னால் கட்டடத்துக்கு என்ன நோய் என்று எழுத்தில் வாங்குங்கள். பழைய கட்டடத்தில் வேலை பார்த்த ஒரு பொறியாளரோ கட்டடக் கலைஞரோ வந்து பார்த்து, எது உடனே செய்ய வேண்டியது, எது ஒரு மழைக்காலம் பொறுக்கும், எது ஐந்து வருடம் பொறுக்கும் என்று பிரித்து எழுதித் தரவேண்டும். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடுகிற இன்டாக் அமைப்பின் கிளை சென்னையில் இருக்கிறது, அங்கே கேட்டால் ஆள் சொல்வார்கள். இந்த அறிக்கை இல்லாமல் தொகை சொன்னால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், இடிக்கச் சொல்கிறவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து என் கணிப்பைச் சொல்கிறேன், நேரில் பார்த்தால்தான் உறுதி. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குச் சட்டங்களுக்கு மேலே சின்ன மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாகக் குறுக்குவாட்டில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டிப்படுத்தி, மேலே தட்டையான ஓடு பதித்த கூரை. ஒழுகுகிறது என்றவுடன் எல்லாரும் அதன்மேல் சிமெண்ட் கலவை போடுவார்கள். எடை கூடும், வெடிப்பு விடும், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சட்டத்தின் நுனியில், அதாவது சுவருக்குள் செருகியிருக்கிற இடத்தில் போய் நிற்கும். தேக்கு அங்கேதான் முதலில் இற்றுப்போகும். அதனால் சட்டத்தின் நடுப்பகுதி திடமாக இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், நுனியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நுனி மட்டும் போயிருந்தால் அந்த அளவுக்குப் புது மரம் ஒட்டுப்போடலாம், மொத்தச் சட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

சுவரும் அதே கதை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். கடலோரத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் மேலும் மேலும் உயரத்துக்கு ஏறும், உப்பு உள்ளே உட்கார்ந்து பூச்சைத் தள்ளும், நீங்கள் சொல்கிற பாளம் பெயர்வது அதுதான். அந்தச் சிமெண்டைப் பொறுமையாக உளியால் எடுத்துவிட்டு, சுவரை நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரையால் பூச வேண்டும். சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்த்துக் குழைக்கிற கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், கூலி அதிகம், வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் பழவேற்காடு ஏரிச் சிப்பியைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள், உங்கள் கோயில் சுவரிலும் அது இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

ஆனால் இதெல்லாம் பிறகு. இப்போதே, பெரிய செலவில்லாமல் செய்ய வேண்டியது மூன்று நான்கு இருக்கிறது. கூரையில் தண்ணீர் போகும் வழிகளைச் சுத்தம் செய்யுங்கள், பாதி ஒழுகல் அதிலேயே நிற்கும். சுவரைச் சுற்றி யாராவது சிமெண்ட் தளம் போட்டிருந்தால் சுவரை ஒட்டிய பகுதியை உடைத்து, மழைத்தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாய்க்கால் வெட்டுங்கள். அரசஞ்செடியைப் பிடித்து இழுக்காதீர்கள், வேரோடு கல்லும் வந்துவிடும். மேலே வெட்டிவிட்டு வேரைச் சாகடிக்கும் மருந்தைத் தெரிந்தவரை வைத்து வைக்கச் சொல்லுங்கள், காய்ந்த பிறகு எடுத்துவிட்டுச் சுண்ணாம்பால் அடைக்கலாம். பீடத்துக்கு மேலே சட்டம் சந்தேகமாக இருந்தால் கீழே முட்டுக்கொடுத்து அந்த இடத்தில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இதில் மட்டும் நாள் கடத்த வேண்டாம்.

நிதி திரட்டலுக்கும் இந்த அறிக்கைதான் உதவும். மொத்தமாக இவ்வளவு லட்சம் என்று சொன்னால் ஊர் மலைத்துப் போகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு வேலையைக் கட்டிவிடுங்கள். கேரம் போட்டி வாய்க்காலுக்கு, ஜூன் திருநாள் சாப்பாட்டுக் கடை பீடத்துக்கு மேல் உள்ள கூரைக்கு, கேரல் காணிக்கை வடக்குச் சுவருக்கு என்று. அந்த நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதத்துக்குள் அந்த வேலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்க வேண்டும்.


குப்பத்துப் பெரியவர்

வேறு ஊர்க்காரன் நான், ஆனால் இதே கடற்கரை. எங்கள் ஊரில் பழைய கோயிலை எடுத்துவிட்டுப் புதுசு கட்டினோம், அதற்காக நான் வருத்தப்படவில்லை. தம்பி கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும்.

பழையதைக் காப்பாற்றுங்கள் என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்கு உள்ளே இடமில்லாமல் வெளியே வெயிலில் நிற்கிறவர்கள் ஊர்க்காரர்கள். எங்கள் பழைய கோயில் கட்டியபோது ஊரில் இருந்த குடும்பங்கள் கொஞ்சம், இப்போது அதைப் போலப் பல மடங்கு. சக்கர நாற்காலியில் வருகிற கிழவிக்குப் படி ஏற வழியில்லை, பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. இதையெல்லாம் யோசிக்காமல் சுவரை மட்டும் பார்த்தால் எப்படி? இன்னொன்று, மீனவன் கொடுக்கிற காசுக்குப் புதுசாக ஒன்று எழும்பி நிற்பதைப் பார்க்க ஆசைப்படுவான். கல்வெட்டில் அப்பா பெயர் இருக்க வேண்டும் என்று நினைப்பான். ஓதம் ஏறிய சுவரைப் பூசுவதற்குக் கொடு என்றால் கை இறங்காது. தலைக்கட்டு வரி போட்டு எங்கள் ஊர் புதுக் கோயிலைக் கட்டி முடித்தது, ஒரு வீடு பாக்கி வைக்கவில்லை.


உப்புக்காற்று

பெரியவரே, கோபம் எதுவும் இல்லை. நீங்கள் சொன்ன இடப் பற்றாக்குறை எங்கள் ஊரிலும் உண்மைதான். ஆனால் கோயிலுக்குத் தெற்கே பங்குக்குச் சொந்தமான மனை சும்மா கிடக்கிறது. அதில் கூரை போட்ட திறந்த மண்டபம் ஒன்றும் கழிப்பறையும் வந்தால் பெரிய திருப்பலியை அங்கே வைக்கலாம், பழைய கோயில் நவநாளுக்கும் தினப் பூசைக்கும் போதும், திருமணமும் உள்ளேயே நடக்கட்டும். சாய்வுப் பாதை போடுவதற்குச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. இடித்துவிட்டால் திரும்ப அந்தச் சட்டமும் அந்தச் சுவரும் எந்தக் காசு கொடுத்தாலும் வராது, எனக்கு அது ஒன்றுதான் தாங்கவில்லை. கல்வெட்டு விஷயம் நான் யோசிக்காதது, அதைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


கணக்குப்பிள்ளை

தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன், அறக்கட்டளைக் கணக்குகள் பார்த்துப் பழக்கம். பணப் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

முதல் நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் இந்த வேலைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். பங்கின் பொதுக் கணக்கில் போட்டால் எது கரண்டு பில்லுக்குப் போனது, எது கூரைக்குப் போனது என்று ஒரு வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது, சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். தனிநபர் பெயரில் வாங்கவே கூடாது, இளைஞர் மன்றத் தலைவரின் ஜிபே எண்ணை நோட்டீஸில் போடுகிற வழக்கம் நிறைய ஊரில் இருக்கிறது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் வேண்டாம். சொத்து மறைமாவட்டத்தினுடையது என்பதால் கணக்கு தொடங்கவும் வேலை செய்யவும் அங்கிருந்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பங்குத்தந்தைக்கு மாற்றல் வந்துகொண்டே இருக்கும், அடுத்து வருகிறவர் வேறு மாதிரி நினைக்கலாம், கையில் கடிதம் இருந்தால் வேலை நிற்காது. காசோலையில் மூன்று பேரில் இரண்டு பேர் கையெழுத்து, அதில் ஒருவர் பெண், ஒருவர் இடித்துக் கட்டலாம் என்று சொல்கிற தரப்பிலிருந்து. அவர்களும் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஊரில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

வெளிநாட்டுக் காசு பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. குவைத்திலும் துபாயிலும் வேலை பார்க்கிற உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து, சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. ஆனால் அமெரிக்க, இங்கிலாந்துக் குடியுரிமை வாங்கியவர்கள், ஓசிஐ அட்டை வைத்திருக்கிறவர்கள் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இருக்கிற அமைப்புதான் அதை வாங்க முடியும், அதுவும் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்கில்தான் வர வேண்டும். சொந்த அத்தை மகன்தானே என்று வாங்கிவிடாதீர்கள்.

இது இன்னொரு இடத்திலும் உதைக்கும். தேவாலயங்களைப் பழுதுபார்க்கவும் புனரமைக்கவும் தமிழக அரசு மானியம் தருகிறது, கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை கூடும், இருபது வருடத்துக்கு மேலானதற்கு அதிகபட்சம். உங்களுடையது அந்த வரிசையில் எளிதாக வரும். சொந்தக் கட்டடமாக இருக்க வேண்டும், பதிவு செய்திருக்க வேண்டும், வெளிநாட்டு நிதியுதவி எதுவும் வாங்கியிருக்கக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். கலெக்டர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விண்ணப்பப் படிவம் கிடைக்கும், பொறியாளரின் மதிப்பீடும் கேட்பார்கள். சுண்ணாம்புக்காரை சொன்ன அறிக்கை இங்கேயும் உதவும். மானியத்தையே நம்பி நிகழ்ச்சிகளை நிறுத்திவிட வேண்டாம், ஊர் சேர்த்த பணம் கணக்கில் தெரிந்தால்தான் விண்ணப்பத்துக்கும் ஒரு கனம் வரும்.

80ஜி வரிச்சலுகை உண்டு என்று நோட்டீஸில் அச்சடிக்காதீர்கள். வழிபாட்டுத் தலத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்கிற நன்கொடைக்கு அந்தச் சலுகை வேண்டுமென்றால் மத்திய அரசு அந்த இடத்தை அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். உங்கள் கோயில் அதில் இருக்காது.

நிகழ்ச்சி நாளன்று எண்கள் அச்சடித்த ரசீதுப் புத்தகம், கடைக்கு ஒரு பூட்டிய உண்டியல், இரவே மூன்று பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்து. மறுநாள் காலை கோயில் வாசல் பலகையில் வரவு செலவு. வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதாது, போன் இல்லாத ஆயாவும் வந்து பார்க்கிற மாதிரி சாக்பீஸால் எழுதுங்கள்.


தேம்ஸ் கரையிலிருந்து

பிறந்தது தண்டையார்பேட்டை, இப்போது வேலைக்காக இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே கிராமத்துக் கோயில்கள் எப்படித் தப்பிக்கின்றன என்று கொஞ்சம் தெரியும், உங்களுக்குப் பயன்படுமா பாருங்கள்.

இங்கிலாந்துத் திருச்சபைக்கு மட்டும் சுமார் 16,000 கோயில்கள், அதில் நாலில் மூன்று பங்கு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருக்கின்றன. அரசாங்கம்தான் பார்த்துக்கொள்கிறது என்று நாம் நினைப்போம், அப்படி இல்லை. அந்தந்த ஊர்ச் சபைக் குழுதான் கூரைக்குப் பணம் தேட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பத்து இருபது பேர் வருகிற கோயில்கள் உண்டு, அவர்களால் மட்டும் எப்படி முடியும்? அதனால் பல ஊர்களில் கோயிலின் நண்பர்கள் என்று தனியாக ஒரு குழு வைத்திருக்கிறார்கள். சபையில் இல்லாதவர்கள், கடவுள் நம்பிக்கையே இல்லாதவர்கள்கூட அதில் சேரலாம். அவர்கள் கொடுக்கிற பணம் கட்டடத்துக்கு மட்டும்தான், பாதிரியார் சம்பளத்துக்கோ வழிபாட்டுச் செலவுக்கோ போகாது என்று சட்டதிட்டத்திலேயே எழுதியிருக்கும். கோடையில் ஊர்ச் சந்தை, கேக், தேநீர், பழைய புத்தக விற்பனை, கோயிலுக்குள் இசை நிகழ்ச்சி எல்லாம் இந்தக் குழுதான் நடத்தும். உங்கள் ஊரில் இந்துக் குடும்பங்களும் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக எழுதியிருக்கிறீர்களே, அவர்களுக்கு அன்பியத்தில், அதாவது பங்கு மக்களின் தெருக் குழுக்களில், இடமில்லை, இந்த மாதிரி ஒரு குழுவில் இடமுண்டு.

செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடை, சைக்கிள் பயணம் என்று ஒன்று வைக்கிறார்கள். ஒரே நாளில் முடிந்த அளவு பழைய கோயில்களுக்குப் போக வேண்டும், தெரிந்தவர்கள் அதற்குக் காசு கொடுப்பதாக ஒப்புக்கொள்வார்கள், சேர்ந்த தொகையில் ஒரு பங்கு அவரவர் கோயிலுக்கு, ஒரு பங்கு அந்த வட்டாரத்துப் பழைய கோயில்களுக்கான பொது நிதிக்கு. நம் வடசென்னையில் இதற்கு இடமா இல்லை? ஆர்மேனியன் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மேனியர் கோயில், அதே தெருவில் புனித மரியன்னை இணைப் பேராலயம், அங்கிருந்து ராயபுரம் புனித இராயப்பர் கோயில், வழியில் 1856-ல் ரயில் ஓட ஆரம்பித்த ராயபுரம் ஸ்டேஷன், அப்படியே கடலோரமாக வடக்கே வந்து உங்கள் குப்பத்தில் முடித்து மத்தியானச் சாப்பாடு. ஜனவரியில் வெயில் தாழ்ந்திருக்கும்போது காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் சைக்கிளில் வசதியாக முடியும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓடுவதால் அந்தப் பகுதிக்குப் போலீஸ் துணை கேளுங்கள், கிடைக்காவிட்டால் அதை மட்டும் வேனில் கடந்துவிடுங்கள்.

இன்னொன்று, இங்கே 1955-லிருந்தே சட்டப்படி ஒவ்வொரு கோயிலையும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தகுதியுள்ள ஒருவர் வந்து அடி முதல் நுனி வரை பரிசோதித்து அறிக்கை தர வேண்டும். பெரிய பழுது வருவதற்கு முன்னால் சின்னதிலேயே பிடித்துவிடுகிறார்கள். கூரை வேலை முடிந்ததும் மிச்சப் பணத்தைத் தங்க முலாம், டைல்ஸ் என்று செலவழிக்காமல் இதற்கு ஒதுக்கி வைக்கப் பாருங்கள்.


ராயபுரத்து அக்கா

கல்வெட்டு பற்றித் தம்பி கேட்டதற்குச் சொல்கிறேன். பெரியவர் சொன்ன ஆசை நியாயமான ஆசை, அதைப் பழுதுபார்க்கிற வேலையிலும் நிறைவேற்றலாம். கூரையில் பத்து மரச்சட்டம் மாற்ற வேண்டும் என்றால் பத்துக் குடும்பத்துக்கு ஒவ்வொரு சட்டம். அப்பா பெயர், அம்மா பெயர், அந்தக் குடும்பத்துப் படகின் பெயர் எல்லாம் ஒரே பலகையில் எழுதி மண்டபத்தில் வையுங்கள். பழைய சுவரில் துளை போட்டுக் கிரானைட் பதிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

எங்கள் இராயப்பர் கோயிலே படகுக்காரர்கள் சேர்ந்து எழுப்பியதுதான், 1829-ல். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல் தூரத்தில் நிற்கும், அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் மசூலாப் படகில் கரைக்குக் கொண்டுவந்த சனங்கள் அவர்கள். கோட்டைக்குள் இருக்கிற வெள்ளைக்காரர்கள் கோயிலும் 1678-ல் ஆளாளுக்குச் சந்தா போட்டு ஆரம்பித்து 1680-ல் முடித்ததுதான். குமரிக் கடற்கரையில் பிடித்த மீனில் ஒரு பங்கை ஒதுக்கிக் கோயில் கட்டிய ஊர்கள் எத்தனையோ. உங்கள் கோயிலையும் அப்படி யாரோ வலை இழுத்த காசில்தான் கட்டியிருப்பார்கள். ஊர்க்கூட்டத்தில் இதைப் பேசுங்கள். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்து ஊரில் எந்தெந்தக் குடும்பத்து முன்னோர் பெயர் இருக்கிறது என்று ஒரு சார்ட்டில் எழுதி, பழைய திருமணப் போட்டோக்களையும் கேட்டு வாங்கிக் கோயில் முற்றத்தில் ஒரு நாள் வையுங்கள். அதற்குக் காசு வாங்க வேண்டாம். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களிடம் அடுத்த வாரம் போய்ச் சட்டத்துக்குக் கேளுங்கள்.


குப்பத்துப் பெரியவர்

சட்டத்துக்கு ஒரு குடும்பம் என்பது நல்ல யோசனை, அது நடக்கும். தெற்கு மனையில் மண்டபமும் கழிப்பறையும் வரும் என்பதைத் தம்பி வாய்ப்பேச்சில் விடாமல் அதே நோட்டீஸில் வரைபடத்தோடு போட வேண்டும், அப்போதுதான் புதுசு கேட்கிறவர்கள் உங்களோடு நிற்பார்கள். முதலில் கோயில் வேலையா மண்டபமா என்று சண்டை வரும். கழிப்பறையை முதலில் முடித்துவிடுங்கள், பெண்கள் எல்லாரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். பஞ்சாயத்தாரைக் கூட்டத்துக்கு முந்தின நாள் வீட்டில் போய்ப் பார்த்துப் பேசுங்கள், கூட்டத்தில் வைத்துத் திடீரென்று கேட்டால் யாரும் இறங்கி வரமாட்டார்கள்.


உப்புக்காற்று

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குலுக்கல் சீட்டு வேண்டாம் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன், கேரம் போட்டி என்றதும் அவர்களே பலகை தேட ஆரம்பித்துவிட்டார்கள். பீடத்துக்கு மேலே முட்டுக்கொடுக்க ஊர் ஆசாரியிடம் பேசியாகிவிட்டது, சனிக்கிழமை செய்கிறார். பொறியாளர் அறிக்கைக்கு ஆகிற செலவை முதல் நிகழ்ச்சியில் எடுக்கலாம் என்று நினைக்கிறேன், அதுவரைக்கும் தொகை எதுவும் வெளியே சொல்லப் போவதில்லை. பங்குத்தந்தை பதிவேட்டைப் பார்க்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் வெளியே எடுத்துப் போகக் கூடாது, அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறார், அது சரிதான். சுண்ணாம்புக்காரை அண்ணா, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு நேரில் வந்து சட்ட நுனிகளைத் தட்டிப் பார்க்க முடியுமா? ஏணி, மத்தியானச் சாப்பாடு எங்கள் பொறுப்பு.


சுண்ணாம்புக்காரை

வருகிறேன் தம்பி. தனிச்செய்தியில் ஊர்ப் பெயரும் வழியும் அனுப்புங்கள். ஏணி இரண்டு வேண்டும், உள்ளே ஒன்று வெளியே ஒன்று. நான் வருவதற்குள் கூரைத் தண்ணீர் வழிகளைச் சுத்தம் செய்து வையுங்கள், அப்போதுதான் எது உண்மையான ஒழுகல் என்று தெரியும். இடிக்கச் சொல்கிற தரப்பிலிருந்தும் இரண்டு பேர் கூட இருக்கட்டும், நான் பார்ப்பதை அவர்களும் மேலே ஏறிப் பார்க்கட்டும்.